மாமியாரின் சிக்குக் கோலமும் 12 அடித் தோட்டமும்

சென்னை திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்து போகும் தொலைவில், தனி வீட்டில் வசிக்கும் 47 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது. வீட்டுக்கு வடக்கே, பின்புறத்தில், வீட்டுச் சுவரிலிருந்து காம்பவுண்டுச் சுவர் வரை 12 அடியும் கிழக்கு மேற்காக 18 அடியும் உள்ள மண் தரை சும்மா கிடக்கிறது. மூட்டுவலியால் படியிறங்க முடியாத அவருடைய 78 வயது மாமியார், பகல் முழுவதும் சாப்பாட்டு அறையின் வடக்கு ஜன்னலருகே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவர் கண்ணுக்கு ஏதாவது நல்லதாகத் தெரியட்டும் என்றுதான் இந்த முயற்சியே தொடங்கியிருக்கிறது. ஒப்பந்ததாரர் ஒருவர் 3,80,000 ரூபாய்க்குத் திட்டம் தந்திருக்கிறார்: வடக்குச் சுவரில் 4-க்கு 6 அடியில் கருங்கல் மயில் புடைப்புச் சிற்பம், தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும் 6 அடி உயர நீர்ச்சுவர், பாலிகார்பனேட் கூரையோடு ஒரு பெர்கோலா (தூண்கள் மேல் சட்டங்கள் வைத்த பந்தல்), நிறம் மாறும் விளக்குகள், மீதித் தரைக்குக் கிரானைட்டும் செயற்கைப் புல்லும்.

இதற்கிடையே வாசகி, மாமியாரின் பழைய கோல நோட்டிலிருந்து 15 புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்றை இரும்புத் தகட்டில் லேசரால் வெட்டி மேற்குச் சுவரில் மாட்டுவதற்காக, வேறொரு பட்டறையில் மூன்று தகடுகளுக்கு 90,000 ரூபாய் பேசி, 40,000 ரூபாயை யுபிஐ வழியாக முன்பணமாக அனுப்பியிருக்கிறார். மூன்று வாரமாக வேலை தொடங்கவில்லை. ரசீது இல்லாததால் பணம் போனது போனதுதான் என்கிறார் கணவர். மேற்குச் சுவர் பக்கத்து வீட்டுக்காரர் கட்டியது. அவர் "தாராளமா மாட்டிக்கோங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். நீர்ச்சுவருக்கு ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைப் பயன்படுத்தலாமா, கும்பகோணத்து வீட்டிலிருந்து வந்த ஆட்டுக்கல்லை யாராவது விலைக்கு வாங்குவார்களா, அந்த மண்ணில் குண்டு மல்லி வருமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் இரண்டு பொருள்கள் உங்களுடையவை: கோல நோட்டும் ஆட்டுக்கல்லும். மற்றவை எந்த வீட்டின் பின்புறத்திலும் வைக்கக்கூடியவை. உங்களுக்கென்றே தனியாகச் செய்த அலங்காரம் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த இரண்டையும் வைத்தே தோட்டத்தை அமைத்து, மற்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடலாம் என்பது ஒரு கட்டடக் கலைஞனாக என் கருத்து. சிறிய இடத்தில் ஐந்து அலங்காரங்கள் வைத்தால் இடம் பெரிதாகத் தெரியும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. 12 அடி தூரத்தில் கண் எதன் மேலும் நிலைக்காமல் அலைவதால் நடப்பது நேர்மாறானது.

முதலில் அந்த நாற்காலியில் அமர்ந்து பாருங்கள்

தோட்டத்தில் நின்றுகொண்டு அளவெடுக்கும் ஒப்பந்ததாரருக்கு, உங்கள் மாமியார் பார்க்கும் தோட்டம் தெரியாது. நீங்கள் கொடுத்த அளவுகளின்படி வீட்டுத் தரை தோட்டத்தைவிட 2 அடி உயரம். ஜன்னலின் அடிக்கட்டை வீட்டுத் தரையிலிருந்து 3 அடி. நாற்காலி ஜன்னலிலிருந்து 3 அடி தள்ளியிருக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் கண் வீட்டுத் தரையிலிருந்து 4 அடி என்று வைத்துக்கொண்டால், அவர் பார்வை ஜன்னல் கட்டையைத் தாண்டிய பிறகு மூன்றடிக்கு ஓரடி வீதம் இறங்கும். அதாவது, தோட்டத்தின் நடுவில் 3 அடிக்குக் கீழே உள்ள எதுவும் அவருக்குத் தெரியாது. வடக்குச் சுவரில் மட்டுமே தோட்டத்துத் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் எல்லாம் தெரியும். செயற்கைப் புல், கிரானைட் தரை, நடுவில் வைக்கும் சிறு நீரூற்று ஆகிய எதையும் அவர் பார்க்கப் போவதில்லை. ஒரு கயிற்றின் நுனியை நாற்காலியில் அவர் கண் உயரத்தில் பிடித்து, ஜன்னல் கட்டையைத் தொட்டபடி வெளியே இழுத்துப் பிடித்தால் இதை நீங்களே சரிபார்த்துவிடலாம். ஆக, செலவு செய்ய வேண்டிய இடம் தரை அல்ல, வடக்குச் சுவர்.

அந்தச் சுவரிலும் ஒரு சிக்கல் உண்டு. அது தெற்கு நோக்கிய சுவர். எதிரே 22 அடி உயரத்தில் உங்கள் வீடு நிற்கிறது. சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் வடக்கே போய்விடுவதால் அந்தச் சுவரின் உங்கள் பக்கம் தன் நிழலிலேயே இருக்கும். டிசம்பரில் நண்பகலில்கூட வீட்டின் நிழல் 16 அடி நீளும்; 6 அடிச் சுவர் ஏறத்தாழ முழுவதும் அதற்குள் மூழ்கிவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலும், ஆகஸ்ட் இறுதி முதல் நவம்பர் தொடக்கம் வரையிலும்தான் அதன்மேல் நேர்வெயில் படும். அதுவும் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி. மாமல்லபுரத்துச் சிற்பிகள் செதுக்கும் புடைப்புச் சிற்பங்கள் எவ்வளவு நேர்த்தியானவையாக இருந்தாலும், பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ சரிந்து விழும் வெளிச்சத்தில்தான் அவற்றின் மேடுபள்ளம் கண்ணுக்குப் புலப்படும். ஆண்டின் பாதிக்கு மேல் நிழலிலிருக்கும் சுவரில் உங்கள் மயில் வெறும் சாம்பல் நிறப் பலகையாகத்தான் நிற்கும்.

எடையும் பெரிய தடை. கருங்கல் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 75 கிலோ. 4-க்கு 6 அடி, 3 அங்குலத் தடிமன் என்றால் 6 கன அடி, அதாவது 450 கிலோ. உங்கள் காம்பவுண்டுச் சுவரோ, பத்தடிக்கு ஒரு தூண் வைத்துக் கட்டிய நாலரை அங்குலச் சுவர். அதில் போல்ட் அடித்து இந்தக் கல்லைத் தொங்கவிடலாம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். கல்தான் வேண்டுமென்றால், சுவரைச் சாராமல் தனி அடித்தளம் போட்டு நிறுத்த வேண்டும்; செலவு அதற்கேற்பக் கூடும். பெர்கோலாவைப் பற்றி ஒரு வரி: பின்புறத்தில் விடவேண்டிய திறந்தவெளி உங்கள் கட்டட அனுமதி வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும், அதற்குள் கூரையிட்ட அமைப்பு எழுப்பினால் அது விதிமீறலாகக் கருதப்படக்கூடும் என்பதால், வரைபடத்தை எடுத்துப் பார்க்காமல் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கோலத்தை இடம் மாற்றுங்கள், உலோகத்தையும் மாற்றுங்கள்

நிழலில் தெளிவாகத் தெரிவது கோடு. அடர்நிறச் சுவரின் மேல் வெள்ளைக் கோடு என்றால் நேர்வெயிலே தேவையில்லை. வடக்குச் சுவருக்குக் காவி நிறம் பூசி, அதன் மேல் வெண்ணிறக் கோலத்தை மாட்டுங்கள். மாக்கோலமும் செம்மண் பட்டையும் பழகிய கண்ணுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது, சூரியன் மிகத் தாழ்ந்து போகும் மார்கழியிலும் அது துலங்கும்.

நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் 15 புள்ளிக் கோலம் வாசலில் 8 அடிக்குப் போட்டால் அழகு. 4 அடித் தகட்டுக்குள் அடக்கினால் புள்ளிக்குப் புள்ளி 3 அங்குலம்தான் வரும். 15 அடி தள்ளியிருக்கும் வயதான கண்ணுக்கு அது கொசுவலைபோல்தான் தெரியும். 7 புள்ளி நேர்வரிசைக் கோலம் ஒன்றை மாமியாரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். புள்ளிகளுக்கிடையே 7 அங்குலம் வைத்தால், வெளிவளைவுகளையும் சேர்த்து 49 அங்குலம், ஏறத்தாழ நாலடி. கோட்டின் அகலம் அரை அங்குலத்துக்குக் குறைய வேண்டாம்.

அடுத்து, பட்டறைக்காரர்கள் பலரும் தகட்டை வெட்டிய பிறகே கண்டுபிடிக்கும் ஒரு நுட்பம். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து மூடிக்கொள்கிறது. நீங்கள் நினைத்திருப்பதுபோல் கோட்டை வெட்டி எடுத்துத் தகட்டை மிச்சம் வைத்தால், மூடிய வளைவுக்குள் இருக்கும் ஒவ்வொரு துண்டும் பிடிமானமின்றிக் கீழே விழுந்துவிடும். விழாமலிருக்க ஆங்காங்கே பாலம்போல் இணைப்பு விட்டால் கோடு அறுந்து தெரியும், சிக்குக் கோலத்தில் கோடு அறுபடலாகாது. எனவே தலைகீழாகச் செய்யுங்கள்: கோடு உலோகமாக நிற்க, இடைவெளிகள் வெட்டி எடுக்கப்பட வேண்டும். அப்போது தனித்து நிற்கும் புள்ளிகள்தான் உதிரும். அவற்றைச் சிறு வட்டத் தகடுகளாகச் சுவரில் தனியே பதித்துவிடலாம்.

இரும்புத் தகடு கடலோரத்துக்கு உகந்ததல்ல. இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் கடலருகே ஒரு வீட்டு முகப்புக்கு லேசரால் வெட்டிய இரும்புச் சட்டத்தைக் கறுப்புப் பவுடர் கோட்டிங் செய்து மாட்டினேன். இரண்டாவது மழைக்காலத்தில், வெள்ளைச் சுவரில் துருநீர் கண்மை கரைந்ததுபோல் வழிந்திருந்தது. லேசர் வெட்டிய கூர்விளிம்பில் பூச்சு மெலிதாகவே ஒட்டும், உப்புக்காற்று அங்கேதான் முதலில் நுழையும் என்பதை அந்த வீட்டுக்காரர் செலவில் கற்றுக்கொண்டேன். இரும்பே வேண்டுமென்றால், வெட்டிய பிறகு ஹாட் டிப் கால்வனைசிங் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுப்பது) செய்து அதன்மேல் பூச்சு தர வேண்டும். துருவேறிய தோற்றத்துக்காக விற்கப்படும் கோர்ட்டன் எஃகு இன்னும் மோசம். உப்புக்காற்றில் அதன் துருப்படலம் நிலைபெறாமல் அரித்துக்கொண்டே போகும். என் தேர்வு 5 மில்லிமீட்டர் அலுமினியம். இடைவெளிகளை வெட்டி எடுத்த பிறகு நாலடிக் கோலம் ஐந்து கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். நாலரை அங்குலச் சுவர் அதைத் தாராளமாகத் தாங்கும். சுவரிலிருந்து ஓர் அங்குலம் விலக்கி, பதினைந்து பதினாறு இடங்களில் திருகுங்கள். திருகு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். இரண்டு உலோகங்கள் நேரடியாகத் தொட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கும் என்பதால் நடுவே நைலான் வாஷர் போடச் சொல்லுங்கள்.

வெட்டுவதற்கு முன், கோலத்தை முழு அளவில் சார்ட் பேப்பர்களை ஒட்டி வரைந்து, சுவரில் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுவையுங்கள். பார்ப்பவர் மாமியார்; "இன்னும் கொஞ்சம் மேலே" என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சுவரும் வாய்வார்த்தையும்

கோலம் வடக்குச் சுவருக்கு வந்துவிட்டால் மேற்குச் சுவர்ப் பிரச்சினை எழவே எழாது. ஆனாலும் உங்கள் எண்ணத்தில் ஒரு திருத்தம் தேவை. சுவர் அவருடையது என்றால், அவர் வாய்வார்த்தையாகத் தந்த சம்மதம் 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் வெறும் உரிமம் என்ற வகையில் வரும். பொதுவாக அதைத் தந்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அனுமதியை நம்பி நிரந்தரமான வேலையைச் செலவழித்துச் செய்திருந்தால் திரும்பப் பெற முடியாது என்று அதன் 60-ஆவது பிரிவு விலக்கு தருகிறதே என்று வழக்கறிஞர் எவரேனும் சொல்லக்கூடும். திருகிக் கழற்றக்கூடிய ஓர் அலங்காரத் தகடு நிரந்தர வேலையா என்று வாதாடி நல்ல அண்டை வீட்டாரை இழப்பது உங்களுக்கு உகந்ததாகாது. அவர் வீட்டை விற்றால் புதியவரிடம் மறுபடியும் கேட்க வேண்டிவரும். அந்தப் பக்கம் ஏதாவது வேண்டுமென்றே தோன்றினால், உங்கள் எல்லைக்குள் தனிக் கம்பங்கள் நட்டு, அவர் சுவருக்குப் பூச்சு வேலை செய்ய வரும்போது கழற்றித் தரக்கூடிய விதத்தில் அமையுங்கள்.

முன்பணம் போய்விட்டதா?

போகவில்லை. அதோடு, நீங்கள் ஏமாற்றப்பட்டதாகவும் எனக்குத் தோன்றவில்லை. கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருக்கும் வாட்ஸ்அப் உரையாடலைப் படித்தேன். பட்டறைக்காரர் முன்பணம் கிடைத்த மறுநாளே "மேடம், ஃபைனல் அளவு அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறார். "ரெண்டு நாள்ல சொல்றேன்" என்பது உங்கள் பதில். அதற்குப் பிறகு இரு தரப்பிலும் செய்தி இல்லை. அவர் உங்கள் அளவுக்காகக் காத்திருக்கிறார் என்றுதான் எந்த நடுவரும் இதைப் படிப்பார். இது உங்களுக்குச் சாதகமான தாமதம்: தகடு இன்னும் வெட்டப்படவில்லை என்பதால் இரும்பை அலுமினியமாகவும், மூன்றை ஒன்றாகவும் மாற்ற இதுவே தருணம். அளவு கொடுத்து வெட்டத் தொடங்கிய பிறகு "மனம் மாறிவிட்டது, முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்காது. உங்கள் கோலத்தை அவர் வேறு யாருக்கு விற்பார்?

ரசீது இல்லாவிட்டால் வழக்கே இல்லை என்ற உங்கள் கணவரின் கருத்தும் சரியன்று. யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் செய்திகளும் பணம் கொடுத்ததற்கும் என்ன பேசினீர்கள் என்பதற்கும் சான்றுகள். அழிக்காமல் சேமித்து வையுங்கள். உண்மையிலேயே அவர் பணத்தை வாங்கிக்கொண்டு வேலை செய்யாமலோ தரக்குறைவாகச் செய்தோ விட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். இப்போதைக்கு இவை எதுவும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

தேவைப்படுவது ஒரு பக்கத் தாள். அதில் இவை இருக்கட்டும்:

- உலோகம், தடிமன், பூச்சின் வகை, நிறத்தின் எண், புள்ளிகளைத் தனியே தருவது.
- முழு அளவு வரைபடத்தில் இருவர் கையெழுத்து. வெட்டும் முன் நீங்கள் ஒப்புதல் தர வேண்டும் என்ற வரி.
- ஏற்கெனவே தந்த 40,000 ரூபாய் புதிய விலையில் கழிக்கப்படும் என்பதும், மாட்டி முடித்துப் பார்த்த பிறகே கடைசித் தவணை என்பதும். முழு அளவு ஒப்புதலாகும்வரை இன்னொரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.
- முடிக்கும் தேதி. பூச்சு உரிந்தால் எத்தனை ஆண்டுக்குள் இலவசமாகச் சரிசெய்வார் என்பது.

ஆட்டுக்கல்லை விற்காதீர்கள்

நீர்ச்சுவரை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவர் முழுக்க ஈரம், இரைச்சலான மோட்டார், கோடையில் விரைந்து ஆவியாகும் தண்ணீர், சில மாதங்களில் வெள்ளைப் படிவு. ஆர்.ஓ. கழிவுநீரை மிச்சப்படுத்தும் எண்ணம் நல்லதுதான், ஆனால் வடிகட்டியில் பிரிந்த உப்பெல்லாம் அந்த நீரில்தான் செறிந்திருக்கிறது. கறுப்புக் கல்லில் அது சுண்ணாம்பு அடித்ததுபோல் படியும். அந்த நீரைக் கார் கழுவவும் வாசல் தெளிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ச் சத்தம்தான் வேண்டுமென்றால் ஆட்டுக்கல் போதும். கோலத்தின் நேர் கீழே வைக்காமல் ஒரு பக்கமாக, வடக்குச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி மேடை கட்டி அதன்மேல் ஏற்றுங்கள். நான் மேலே சொன்ன பார்வைக் கணக்குப்படி மேடை மறைந்து கல் மட்டும் மாமியாருக்குத் தெரியும். குழியைத் துளைக்க வேண்டாம். சுவரோரம் ஒரு செம்புக் குழாய் வந்து குழிக்குள் மெல்லிய தாரையாக விழட்டும். நிரம்பி வழிவது கூழாங்கற்களுக்கு அடியில் புதைத்த 50 லிட்டர் தொட்டிக்குப் போய்ச் சிறிய பம்பால் மேலேறட்டும். தொட்டியின் வாயைக் கொசு நுழையாத வலையால் மூடுங்கள். பம்பை நிறுத்திவைக்கும் நாட்களில் குழியில் நிற்கும் நீரை இறைத்து ஊற்றிவிட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும், மாநகராட்சிப் பணியாளர்கள் வந்து பார்த்தால் அபராதமும் விதிக்கலாம். பம்புக்கும் விளக்குக்குமான மின்தடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம். விளக்கு 12 வோல்ட்டில், மஞ்சள் கலந்த வெண்ணிறத்தில் ஒன்று போதும். நிறம் மாறும் விளக்குகளைத் திருவிழாவுக்கு விட்டுவிடலாம்.

ஒன்றை மட்டும் நீங்கள் மாமியாரிடம் முன்கூட்டிக் கேட்டுவிட வேண்டும். அரைத்துச் சாப்பிட்ட கல்லை அலங்காரத்துக்கு வைப்பது சிலருக்கு மகிழ்ச்சி, சிலருக்கு மனக்குறை. அது அவருடைய கல். அவர் வேண்டாம் என்றால் ஒரு கல் தொட்டி வாங்கிக்கொள்ளலாம்.

தரையை மண்ணாகவே விடுங்கள். 216 சதுர அடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 2,000 லிட்டர் தண்ணீர். அது மண்ணில் இறங்க வேண்டும், உங்கள் சமையலறைக்குள் அல்ல. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உங்கள் வீட்டிலும் உறிஞ்சு குழி இருக்கும். மேடை கட்டும் கொத்தனார் அதன் மூடியை மூடிவிடாமல் நீங்கள் அருகே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். நடந்துபோக நான்கைந்து கருங்கல் பலகைகளை இடைவெளி விட்டுப் பதித்தால் போதும்.

குண்டு மல்லி வரும். அது பூக்கும் காலம் மார்ச்சிலிருந்து. உங்கள் சுவரோர மண்ணில் நண்பகல் வெயில் இறங்கத் தொடங்குவதும் பிப்ரவரியில். நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ கவாத்து செய்துவிடுங்கள், நிழல் மாதங்களில் செடி ஓய்வில் இருக்கட்டும். கோலத்தின் மேல் படராத தூரத்தில், ஜன்னலிலிருந்து பார்க்கும்போது இடது ஓரமாக நடுங்கள்.